போனில் சொல்லாமல் விட்டவை

டான்சானியாவின் டார் எஸ் சலாமில் இருந்த பத்து வருஷமும் சனிக்கிழமை ராத்திரி தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்வேன். அங்கே ஏழு மணி என்றால் எங்கள் மார்த்தாண்டம் பக்கம் ஒன்பதரை. எடுத்ததும் அம்மா கேட்பது ஒன்றுதான்: “சோறு தின்னியா மக்களே?” தின்னேன் என்பேன். வேலையெல்லாம் எப்படி? நல்லா இருக்கு. உடம்பு? சுகம். அப்புறம் ஊரில் யாருக்குக் கல்யாணம், யார் இறந்தார் என்று கொஞ்சம் பேச்சு. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

2016-ல் நான்கு மாதம் எனக்குச் சம்பளம் வரவில்லை. முந்திரிக்கொட்டையைக் கொள்முதல் செய்து கப்பல் ஏற்றும் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த சீசன் முதலாளிக்குக் கைகொடுக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார். நான் கூட இருந்தவர்களிடம் கைமாற்று வாங்கி வீட்டுக்குப் பணம் அனுப்பினேன். ராத்திரிக்கு மக்காச்சோள மாவைக் கிண்டிய உகாலியும் கொஞ்சம் கீரையும். மாதக் கடைசியில் கீரையும் இல்லை. சனிக்கிழமை வந்தால் “தின்னேன்மா, நல்லா இருக்கேன்” என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னதில்லை. வாயில் தானாக வந்தது.

அந்த நான்கு மாதத்தின் நடுவில்தான் ஒரு நாவல் கைக்கு வந்தது. அதற்கு முன் நான் நாவல் வாசிக்கிற ஆள் இல்லை. ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் எழுதியதை அதற்கப்புறம் தேடித் தேடி வாசித்தேன். அது என்னை என்ன செய்தது, அதிலிருந்து நான் என்ன எடுத்துக்கொண்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கும், பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்கள் பக்கம் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்பார்கள். அம்மா அதில் வருஷக்கணக்காகக் கொட்டை உடைத்தவள். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் ஓட்டு எண்ணெய் விடாது. விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து, ரேகை தேய்ந்துபோயிருக்கும். ஊர்க் கொட்டை தீர்ந்ததும் ஆப்பிரிக்கக் கொட்டை வரும். சாக்கில் டான்சானியா என்று அச்சடித்திருக்கும். அந்தச் சாக்குதான் எங்கள் வீட்டு வாசலில் கால்மிதி. ஆகவே வேலை கிடைத்து நான் கிளம்பியபோது அம்மாவுக்கு அது தெரியாத நாடாக இல்லை. “அண்டி வருற ஊருதானே” என்றாள்.

கிடங்கில் எடைக் கணக்கு பார்த்தவர் ஒரு ஸான்ஸிபார்க்காரர், அறுபதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை ‘ம்ஸே’ என்போம். அந்த நாட்டு மொழியான சுவாஹிலியில் பெரியவர் என்று அர்த்தம். என்னை அவர் ‘ம்வனாங்கு’ என்று கூப்பிடுவார். என் பிள்ளை என்று பொருள். அம்மா சொல்கிற ‘மக்களே’தான் அது. முதல் தடவை கேட்டபோது நோட்டிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

என் நிலைமை அவருக்குத் தெரியும். அவருக்கும்தான் சம்பளம் வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கரியாகூவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்தப் பழைய சுவாஹிலி வீடுகளுக்கு முன்னால் சுவரோடு ஒட்டி ‘பராசா’ இருக்கும். நம் திண்ணையேதான். உட்கார்ந்தோம். இஞ்சி போட்ட கறுப்புக் காப்பி சின்னக் கிண்ணத்தில் வந்தது. உள்ளே போய் ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்தார். பிரிட்டனில் இருக்கும் அக்கா மகன் வந்தபோது விட்டுப்போனதாம். அப்துல்ரசாக் குர்னா எழுதிய ‘பை த சீ’, 2001-ல் வந்த நாவல்.

“இதில் எங்கள் ஊர் இருக்கிறதாம். எனக்கு இவ்வளவு ஆங்கிலம் ஓடாது. நீ படித்து எனக்குச் சொல்” என்றார்.

குர்னா 1948-ல் ஸான்ஸிபாரில் பிறந்தவர். 1963 டிசம்பரில் அந்தத் தீவுகள் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றன. ஒரு மாதம்தான். 1964 ஜனவரி 12-ம் தேதி புரட்சி வெடித்து சுல்தான் ஆட்சி கவிழ்ந்தது. அரபு வம்சத்தாரும் இந்தியர்களும் ஏராளமாகக் கொல்லப்பட்டார்கள், சொத்திழந்தார்கள், ஓடினார்கள். ஏப்ரலில் எதிர்க்கரை நாடான டாங்கனிகாவும் ஸான்ஸிபாரும் சேர்ந்து ஒரே நாடானது, அதுதான் இன்றைய டான்சானியா. குர்னா 1960களின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போனார். திரும்பி வந்து ஊரைப் பார்க்க அவருக்கு 1984 வரை ஆனது. இந்தத் தேதிகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். எந்த ஆப்பிரிக்க நாவலைத் தொட்டாலும் இப்போதும் முதலில் இதைத்தான் செய்கிறேன். அந்த நாடு எப்போது விடுதலையானது, யாருடைய ஆட்சி எப்போது கவிழ்ந்தது, எல்லை எப்போது மூடியது என்று ஐந்து வரி போதும். கதாபாத்திரத்தின் வயதை அந்தச் சீட்டோடு ஒத்துப் பார்த்தால், அவர் எதைப் பேசாமல் விடுகிறார் என்று பாதி புரிந்துவிடும்.

நாவலில் சாலே ஒமர் என்ற அறுபத்தைந்து வயதுக் கிழவர் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். பாஸ்போர்ட்டில் இருப்பது வேறொருவர் பெயர், ரஜப் ஷாபான். ஆங்கிலம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று டிக்கெட் விற்றவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். அதனால் அகதி, அடைக்கலம் என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டு மற்றதற்கெல்லாம் வாயே திறக்காமல் நிற்கிறார். பையைச் சோதிக்கும் அதிகாரி ஒரு சின்ன மரப்பெட்டியைக் கண்டெடுக்கிறான். உள்ளே ‘ஊது’ என்ற வாசனைக் கட்டை. அதை எடுத்து வைத்துக்கொள்கிறான். அந்த அதிகாரியின் அப்பா அம்மாவே ருமேனியாவிலிருந்து ஓடிவந்த அகதிகள். ஆனால் அவர்கள் ஐரோப்பியர்கள், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், நீ எதற்கு இங்கே வந்தாய் என்கிறான்.

இந்த இடத்தைச் சொன்னபோது ம்ஸே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். வீட்டுக்குள் போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். உள்ளே நகக்கண் அளவுக்குச் சில்லுச் சில்லாகக் கறுத்த மரத்துண்டுகள். தொட்டால் மெழுகு மாதிரி லேசாகப் பிசுபிசுத்தது. ஒரு மண் தூபக்காலில் கரியைக் கனியவைத்து ஒரு சில்லை மேலே வைத்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அதன் ஓரத்தில் எண்ணெய் மாதிரி ஒரு குமிழி கொதித்தது. நூல் கனத்தில் புகை எழுந்தது. “ஊதி” என்றார். நம் அகில் கட்டை. நாவலில் சாலே ஒமர் சொல்வதை நான் எடுத்துச் சொன்னேன்: நல்ல மரத்தில் இந்த வாசனை கிடையாது, பூஞ்சை பிடித்து நோய் கண்ட மரத்தில்தான் ஊறுகிறது. ம்ஸே தலையாட்டினார். “தெரியும். எங்கள் அம்மா சொல்வாள். அதையும் எழுதிவிட்டானா?” என்றார். அன்றைக்கு மேலே கதை சொல்ல முடியவில்லை. புகை முடியும்வரை இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

மூன்று வாரம் ஆனது அந்த நாவலைச் சொல்லி முடிக்க. எனக்குத் தெரிந்தது சந்தைச் சுவாஹிலி. கொடுக்கல் வாங்கலுக்குப் போதும், கதைக்குப் போதாது. வார்த்தை கிடைக்காமல் நான் திணறும் இடத்தில் அவர் எடுத்துக் கொடுப்பார். கிழவருக்கு மொழிபெயர்க்க அழைக்கப்படுகிறார் லதீஃப் மஹ்மூத், லண்டனில் பேராசிரியர். யாருடைய பெயரில் கிழவர் வந்திருக்கிறாரோ, அந்த ரஜப் ஷாபானின் மகனே அவர். ஊரில் இரண்டு குடும்பத்துக்கும் பழைய பகை. ஒரு கடன் பத்திரத்தால் லதீஃபின் வீடு சாலே ஒமர் கைக்குப் போனது. ஒரு கருங்காலி மேசையைத் திருப்பிக் கேட்க அம்மா சிறுவன் லதீஃபை அனுப்பினாள், சாலே ஒமர் தரவில்லை. இப்போது முப்பது வருஷம் கழித்து, குளிர் அடிக்கும் ஒரு ஆங்கிலேயக் கடற்கரை ஊரில் இந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று பேசிப் பேசித் தீர்க்கிறார்கள். நாவல் முழுக்க அந்தப் பேச்சுதான். உலகத்தில் அவர்கள் கதையைத் திருத்திச் சொல்லக்கூடிய ஆள் வேறு யாரும் மிச்சமில்லை. அதனால் பகையாளிகள் ஒருவருக்கொருவர் சொந்தமாகிறார்கள்.

இதை முடித்த அன்று ம்ஸே ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். ‘தஃப்தரி’ என்றார். அவருடைய அப்பா ஸான்ஸிபாரில் வைத்திருந்த பலசரக்குக் கடையின் பற்று வரவு நோட்டு. சுவாஹிலியை அரபு எழுத்தில் எழுதியிருந்தது. 1964 ஜனவரியில் ம்ஸேக்குப் பதினோரு வயது. அப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு படகேறியபோது கடைச் சாமானில் எதையும் எடுக்க முடியவில்லை, இந்த நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டாராம். ஊரில் தனக்குக் கடன் தர வேண்டியவர்களின் பெயர்கள். சீனி, தேங்காய் எண்ணெய், துணி என்று பக்கத்தில் தொகை. ம்ஸே விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். இவர் தையல்காரர். இவர் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவர். இவருடைய மகன் என்னோடு ஓதியவன். கணக்கு எழுதுகிறவன் என்பதால் என் கண் தானாகத் தொகைகளைக் கூட்டிக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் அதை நிறுத்தினேன். இது வசூலிக்கிற கணக்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அந்த நோட்டில் இருந்தது அவர்கள் தெரு.

“பிள்ளைகளுக்குக் காட்டினீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லை. அவர்கள் இங்கே பிறந்தவர்கள். அவர்களை எதற்கு நான் விருந்தாளி ஆக்க வேண்டும்?”

சுவாஹிலியில் ‘ம்கேனி’ என்றால் விருந்தாளி. அந்நியன் என்பதற்கும் அதே சொல்தான். இரண்டு பொருளிலும் அன்று அவர் சொன்னார்.

குர்னாவை அகதிகளின் எழுத்தாளர் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அகதியைப் பார்த்துப் பரிதாபப்பட இந்த நாவல்களை வாசித்தால் நூறு பக்கத்தில் சலித்துவிடும். தன் முழுக் கதையையும் கேட்கத் தெரிந்த ஒரு ஆள் எங்கே கிடைப்பார் என்ற தேடல்தான் அவற்றில் ஓடுகிறது. ஊர் திரும்புவதும் குடியுரிமை கிடைப்பதும் அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய விஷயங்கள். இது அந்தத் திண்ணையில் எனக்குத் தட்டுப்பட்டது, பிறகு வாசித்த புத்தகங்கள் அதை உறுதிப்படுத்தின. ஒவ்வொரு நாவலிலும் நான் போட்டுப் பார்க்கும் கேள்வி இதுதான்: இந்த ஆள் யாரிடம் எதை மறைக்கிறார்? கேட்டுக்கொண்டே வாசித்துப் பாருங்கள். புரியாத சொல், தெரியாத சாப்பாட்டுப் பெயர் எதற்கும் நிற்க வேண்டாம், கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம். வாசித்ததை இரண்டு நாளுக்குள் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எனக்கு நாவல் வாசிக்க வந்ததே ம்ஸேயிடம் சொல்ல வேண்டியிருந்ததால்தான்.

மறைப்பதைப் பற்றி என்றால் குர்னாவின் ‘அட்மைரிங் சைலன்ஸ்’. 1996-ல் வந்தது. அதை வாசித்த வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. கதை சொல்பவனுக்குப் பெயரே கிடையாது. ஸான்ஸிபாரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து பள்ளி ஆசிரியராக இருக்கிறான். எம்மா என்ற வெள்ளைக்காரப் பெண்ணோடு வாழ்கிறான், பதின்வயதில் ஒரு மகள். எம்மாவிடமும் அவள் அப்பாவிடமும் தன் ஊரைப் பற்றி அவர்கள் கேட்க ஆசைப்படுகிற கதைகளாகப் புனைந்து சொல்கிறான். ஊருக்கோ எம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இருபது வருஷம் கழித்து ஊர் போனால் அங்கே அம்மா அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறாள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்கிறான், வீடே இடிந்துபோகிறது. இங்கிலாந்து திரும்பினால் எம்மா அவனைவிட்டுப் போகிறாள். அவன் கெட்டவன் இல்லை. ஒவ்வொரு பொய்யும் எதிரே இருப்பவரைச் சங்கடப்படுத்தாமல் இருக்கச் சொன்னதுதான். நானும் அப்படித்தானே சொன்னேன்.

அதை வாசித்த பிறகு சனிக்கிழமைப் போனில் ஒன்றை மாற்றினேன். ‘நல்லா இருக்கேன்’ என்று பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றை வாரத்துக்கு ஒரு தடவை அம்மாவிடம் கேட்பேன். இன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தாய்? யாரோடு நடந்து ஆபீஸ் போனாய்? கிணற்றில் தண்ணீர் எத்தனை உறை இருக்கிறது? பதிலுக்கு அம்மாவும் கேட்க ஆரம்பித்தாள். எந்த அறையில் படுக்கிறாய், பக்கத்துக் கட்டிலில் யார், மழை எந்த மாதம். பத்து நிமிஷம் அரைமணி நேரமானது. ஆனால் அந்த நான்கு மாதத்தைச் சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.

பணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபியின் ‘நோ லாங்கர் அட் ஈஸ்’ (1960). ஓபி ஒகோன்க்வோ என்ற இளைஞனை ஊர்ச் சங்கத்தார் 800 பவுண்டு திரட்டி இங்கிலாந்தில் படிக்க அனுப்புகிறார்கள். கடனாக. திரும்பி வந்து நல்ல அரசு வேலையில் உட்கார்ந்தும் மாதம் 47 பவுண்டுச் சம்பளத்தில் 20 சங்கத்துக்கு, 10 அப்பா அம்மாவுக்கு, மீதியில் கார், இன்சூரன்ஸ், பெரிய மனிதத் தோரணை. கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கி லஞ்சத்தில் விழுகிறான். நான் இதைக் கணக்கு நோட்டாகவே வாசித்தேன். யாராவது ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி வெளிநாடு கிளம்புகிறேன் என்று என்னிடம் வந்தால் ஒரு தாளில் மூன்று வரி எழுதச் சொல்கிறேன்: கடன் எவ்வளவு, வீட்டுக்கு மாதம் எவ்வளவு, அங்கே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் எவ்வளவு. அதை வீட்டில் எல்லோருக்கும் முன்னால் வாசிக்கச் சொல்கிறேன். ஓபிக்கும் அவனுடைய சங்கத்துக்கும் நடுவில் அப்படி ஒரு நாள் வாய்த்திருந்தால் நாவலே வேறாகியிருக்கும். சங்கத்தார் நல்லவர்கள்தான். அவன் கொஞ்ச காலம் தவணை கேட்டான், கொடுத்தார்கள். அவன் காதலியைப் பற்றிப் பேச்செடுத்ததும் கோபத்தில் அதையும் வேண்டாம் என்று எழுந்து போனான், முழுக் கணக்கை அவர்கள் முன்னால் வைக்கவே இல்லை.

சிமமாண்டா ங்கோஸி அடிச்சியின் ‘அமெரிக்கானா’ (2013) நிறைய பேருக்குத் தெரிந்த புத்தகம். எல்லோரும் நாயகி இஃபெமெலுவின் அமெரிக்க வாழ்க்கையைப் பேசுவார்கள். எனக்கு அவள் காதலன் ஓபின்ஸேயின் லண்டன் பகுதிதான் மனதில் நிற்கிறது. விசா முடிந்து, இன்னொருவனுடைய தேசியக் காப்பீட்டு எண்ணில் கக்கூஸ் கழுவி, கிடங்கில் வேலை செய்து, போலிக் கல்யாணத்துக்குப் பணம் கட்டி, கல்யாணத்தன்றே பிடிபட்டு நாடு கடத்தப்படுகிறான். வேறொருவன் பெயரில் வேலை செய்யும் மனிதனைக் கூட வேலை செய்பவர்கள் அந்தப் பெயரால் அன்பாகக் கூப்பிடுகிறார்கள், அந்த அன்பு அவனுக்குச் சேரவில்லை. அடுத்தவர் காகிதத்தில் வேலை பார்க்காதே என்று சொல்ல வேண்டியிருந்தால் சட்டத்தை எடுத்துச் சொல்வதைவிட அந்த அத்தியாயத்தைக் கொடுக்கலாம். நோவயலெட் புலவாயோவின் ‘வீ நீட் நியூ நேம்ஸ்’ நாவலில் ஜிம்பாப்வேயிலிருந்து அமெரிக்கா போன டார்லிங், ஊரில் இருக்கும் தோழி சிப்போவிடம் நம் நாடு இப்படி ஆகிவிட்டதே என்று வருந்துகிறாள். விட்டுப் போனவள் நீ, இது எப்படி உன் நாடாகும் என்று சிப்போ திருப்பிக் கேட்கிறாள். தூரத்திலிருந்து பேசுகிறவர்களுக்குள் நடக்கிற சண்டைகளில் இவ்வளவு கூர்மையாக எழுதப்பட்ட ஒன்றை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

சூடான் எழுத்தாளர் தையிப் ஸாலிஹ் அரபியில் எழுதிய ‘வடக்கே புலம்பெயரும் பருவம்’ 1966-ல் வந்தது. சின்ன நாவல். லண்டனில் வாழ்ந்து நைல் கரைக் கிராமத்துக்கு வந்து சேர்ந்த முஸ்தபா சயீத், பூட்டிய அறை ஒன்றை வைத்திருக்கிறான். அவன் போனபின் திறந்து பார்த்தால் சுவர் முழுக்க ஆங்கிலப் புத்தகங்கள், கணப்பு அடுப்பு, ஆங்கிலக் குரான்கூட இருக்கிறது, ஒரு அரபிப் புத்தகம் இல்லை. திரும்பி வந்தவர்களின் வீட்டில் இப்படி ஒரு பூட்டிய அறை உண்டு, மனதுக்குள்ளாவது. இதை நான் ஊர் திரும்பின பிறகு வாசித்தேன், முன்பே வாசித்திருக்க வேண்டும்.

இத்தனையிலும் எனக்கு மிகவும் வேண்டிய புத்தகம் பெஸ்ஸி ஹெட் எழுதிய ‘வென் ரெயின் கிளவுட்ஸ் கேதர்’. தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர் பெஸ்ஸி ஹெட். 1964-ல் திரும்பி வரவே முடியாத ஒருவழி அனுமதிச் சீட்டில், கையில் சின்ன மகனோடு இன்றைய போட்ஸ்வானாவுக்குள் போனார். அந்த நாடு அவருக்குக் குடியுரிமை கொடுத்தது 1979-ல்தான். பதினைந்து வருஷம் எந்த நாட்டுக்காரியும் இல்லை. 1968-ல் வந்த அந்த நாவலில் மகாயா என்ற இளைஞன் எல்லை வேலிக்குப் பக்கத்துக் குடிசையில் பதுங்கியிருந்து, இருட்டியதும் வேலியைத் தாண்டி ஓடுகிறான். கோலெமா ம்மிடி என்ற வறண்ட கிராமத்துக்கு டினோரெகோ என்ற பெரியவர் அவனைக் கூட்டிப்போகிறார். அங்கே விவசாயத் திட்டம் நடத்தும் கில்பர்ட் அவனுக்கு வேலை கொடுக்கிறார். பெண்களுக்குப் புகையிலைப் பயிர் சொல்லிக்கொடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் வெறுப்பெல்லாம் நெஞ்சில் கனக்க வந்தவன், கொட்டகை கட்டுவது, பாத்தி பிடிப்பது என்று நாள் போகப் போக அந்த ஊர்க்காரனாகிறான்.

ம்ஸேயிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் ஒரு பழமொழி சொன்னார்: விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. நம்மிடமும் உண்டு, விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றேன். விரட்டுவதற்குத்தானே அது என்று கேட்டார். ஆமாம் என்றேன். “எங்களுடையது அப்படி இல்லை. மண்வெட்டி கொடுத்துவிட்டால் அவன் வீட்டு ஆள்” என்றார். ஊரில் அதை எல்லோரும் எப்படிப் புரிந்துகொள்கிறார்களோ, அவர் சொன்னது இப்படித்தான். புது நாட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதிலிருந்து வந்தது. நம் ஊர்க்காரர்கள் அறைக்குள்ளேயே பத்து வருஷம் ஓட்டிவிட முடியும், அங்கே சோறும் கிடைக்கும் சினிமாவும் கிடைக்கும். ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவரோடு, வயதில் மூத்தவராக இருந்தால் நல்லது, கையால் செய்கிற ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். மூட்டை தைப்பதாக இருக்கட்டும், மீன் வெட்டுவதாக இருக்கட்டும். பேச்சு தானாக வரும்.

2021 அக்டோபரில் குர்னாவுக்கு நோபல் பரிசு என்று செய்தி வந்தது. அவர் நம்முடையவரா பிரிட்டனுடையவரா என்று டார் எஸ் சலாமில் பெரிய விவாதமே நடந்தது. டான்சானியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வேறு பாஸ்போர்ட் வாங்கியவர் பிறந்த வீட்டுக்கு வரவும் அப்போது விசா எடுக்க வேண்டியிருந்தது. ம்ஸே அந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. “நீதான் எனக்கு முதலில் சொன்னாய்” என்று மட்டும் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த டிசம்பரில் நான் ஊருக்குக் கிளம்பினேன். மறு வருஷம் குர்னாவின் ‘பாரடைஸ்’ நாவல் ‘பேபோனி’ என்ற பெயரில் சுவாஹிலியில் வந்தது. ஆங்கிலத்தில் வந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து, அவர் பிறந்த மொழியில். கடனுக்கு ஈடாக அப்பா அடகு வைத்த யூசுஃப் என்ற சிறுவனின் கதை அது. ம்ஸே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். சாயங்காலம் பராசாவில் உட்கார்ந்து மகள் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாளாம். பின்னணியில் தெருச் சத்தம் கேட்டது. தஃப்தரியைக் காட்டினீர்களா என்று திருப்பிக் கேட்டேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: “இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, ம்வனாங்கு. வாசித்துக்கொண்டிருக்கிறோம்.”

அதைக் கேட்ட அன்று ராத்திரிதான் அம்மாவிடம் சொன்னேன். பின்வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். 2016-ல் நான்கு மாதம் சம்பளம் வரவில்லை, அனுப்பியதெல்லாம் கைமாற்று, தின்னேன் தின்னேன் என்று சொன்னதில் பல நாள் தின்னவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அந்த வருஷம் எங்க ஆபீசும் அடைச்சுக் கெடந்துது மக்களே. அண்டி வரத்து இல்லண்ணு அஞ்சு மாசம் வேலை இல்ல. ஒனக்க கிட்ட சொல்லி என்னத்துக்குண்ணு விட்டேன்.”

கொட்டை வாங்கி அனுப்பும் பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் நான். சரக்கு கப்பலேறவில்லை என்பது என் நோட்டிலேயே இருந்தது. அது எங்கே போய்ச் சேர வேண்டிய சரக்கு என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அம்மா தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்பிப் போன கதைகளை அந்த வருஷமும் போனில் சொல்லியிருக்கிறாள், நானும் கேட்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “அப்போ என்னத்தத் தின்னே அங்க?” என்று கேட்டாள். உகாலியைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் கொதித்ததும் மாவைக் கொட்டி, கட்டி விழாமல் மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கரண்டி நட்டுக்க நிற்கும் பதம் வந்தால் இறக்கலாம் என்றேன். உப்பு உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுநாள் வியாழக்கிழமை, சந்தைக்குப் போனவள் ஒரு கிலோ மக்காச்சோள மாவோடு வந்தாள்.